வெளிநாட்டு நிறுவன ஊழியர்களின் தன்னார்வப் பணி: எங்கள் நிலைப்பாடு

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லா வட்டாரத்தில் படிப்பை விட்டு நழுவும் பிள்ளைகளுக்காக உழைக்கும் அமைப்பு என்ற முறையில், ஊழியர்களைத் தன்னார்வலர்களாக அனுப்ப விரும்பும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எங்கள் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறோம். சில நாள் வந்து வகுப்பெடுத்து, சுவருக்குச் சாயம் பூசி, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணங்களை ஏற்பதில்லை. ஒரு தொழிலை முறையாகக் கற்றவர்கள் எங்கள் பயிற்றுநர்களோடு உட்கார்ந்து வேலை செய்ய வந்தால் மனமார வரவேற்கிறோம்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இந்த ஊரில் இருக்கிறது. 1929இல் போ (BOH) நிறுவனம் தேயிலை பயிரிடத் தொடங்கிய நாளிலிருந்து கேமரன் மலைத் தோட்டங்களில் தமிழர் உழைப்பு ஊறியிருக்கிறது. இன்று கொழுந்து பறிக்கும் வேலையில் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் காய்கறித் தோட்டத்திலும் லோரியிலும் தங்கும் விடுதியிலும் வேலை தேடுகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்தவர்கள் மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். மலாய் தடுமாறும் பிள்ளைக்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதல். வயதில் மூத்தவனாக வகுப்பில் உட்காரும் கூச்சம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

படிவம் மூன்றில் இருக்கும் பையன் ஞாயிற்றுக்கிழமை லோரியில் முட்டைகோஸ் ஏற்றப் போகிறான். மாலையில் கையில் ரிங்கிட் நோட்டு. அடுத்த வாரம் சனிக்கிழமையும் போகிறான். பிறகு ஒரு திங்கட்கிழமை பள்ளிப் பேருந்தில் அவன் இல்லை. அவனைத் திரும்ப அழைத்துவர அவன் அம்மாவிடம் பேச வேண்டும், லோரி முதலாளியிடம் பேச வேண்டும், வகுப்பாசிரியரைப் பார்க்க வேண்டும். மறுபடி அதே வீட்டுக்குப் போக வேண்டும். அந்தக் குடும்பத்தை ஆண்டுக்கணக்காக அறிந்த ஒருவரால்தான் இது முடியும். ஏற்கெனவே ஒருவர் மீது நம்பிக்கை வைத்து ஏமாந்த பிள்ளைகள் எங்களிடம் உண்டு. பழகிய நான்காம் நாள் கையசைத்துப் போய்விடும் அண்ணன், அக்கா அவர்களுக்கு இன்னொரு இழப்பு.

கம்போடியாவின் அனுபவம் எல்லோருக்கும் எச்சரிக்கை. அங்கே அநாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். வருகையாளர்களும் அவர்கள் கொண்டுவந்த பணமுமே இல்லங்கள் பெருக ஒரு காரணமாயின. 2011இல் பிரண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று யுனிசெப் ஆதரவோடு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. கேமரன் மலையும் சுற்றுலாத் தலம். இங்கே தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கலாம், ஸ்ட்ராபெரி பறிக்கலாம். எங்கள் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் சேரக்கூடாது.

வருபவர் யாராயினும் குற்றப் பின்னணிச் சோதனைச் சான்று தர வேண்டும். பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. முகம் தெரியும் படம் கூடாது, நேரடிக் கைப்பேசித் தொடர்பும் கூடாது. சிறாரைப் பேச்சால் வசப்படுத்தி நெருங்குவதையும் 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம் தண்டிக்கிறது என்பதை வருபவர்கள் அறிந்திருக்க வேண்டும். இதில் தளர்வு கிடையாது.

நல்ல முறையும் உலகத்தில் இருக்கிறது. 2008இல் ஐபிஎம் தொடங்கிய திட்டத்தில் ஊழியர்கள் சிறு குழுவாகப் புறப்படுமுன் பல வாரம் தயாராகி, ஏறத்தாழ ஒரு மாதம் தங்கி, உள்ளூர் அமைப்புகளின் நிர்வாக, தொழில்நுட்பச் சிக்கல்களில் வேலை செய்தார்கள். எங்களுக்கும் தேவை அதுதான். யார் பள்ளிக்கு வரவில்லை என்பதை அன்றே காட்டும் பதிவேடு, ஒழுங்கான கணக்கு, குளிர்பதனக் கிடங்கு இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் பாடத்திட்டம். படிப்பை விட்ட இளைஞருக்குத் தங்கிப் படிக்கும் தொழிற்பயிற்சி தரும் மைஸ்கில்ஸ் அறவாரியம் சிலாங்கூரின் கலும்பாங்கில் இருக்கிறது. அதுபோன்ற இடத்துக்கு எங்கள் பிள்ளை போய்ச்சேரவும், முடித்தபின் வேலையில் அமரவும் உங்கள் நிறுவனம் துணைநிற்கலாம்.

பயணச் செலவுக்கு ஈடாக ஒரு தொகையை உள்ளூர் இளைஞர் பணியாளரின் சம்பளத்துக்கு ஒதுக்கும்படியும் கேட்கிறோம். நீங்கள் போனபின் அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவர் அவர்தான்.

எங்களுக்கு எழுதும்போது எத்தனை பேர் வருகிறீர்கள் என்று தொடங்க வேண்டாம். உங்களில் யாருக்கு எந்த வேலை தெரியும், ஊர் திரும்பியபின் எத்தனை மாதம் எங்கள் பயிற்றுநரின் அழைப்பை எடுப்பீர்கள் என்பதை எழுதுங்கள்.