கயிறு பிடிப்பவர் கணக்கில் வருவதில்லை

பெருந்தொற்றுக் காலத்தில் மாலத்தீவுக்குச் சென்று ஸ்கூபா மூழ்கியவர்களின் பயணக் கட்டுரைகள் சிலவற்றை அண்மையில் சேர்த்து வாசிக்க நேர்ந்தது. 2020இன் பிற்பகுதியிலும் 2021இன் முதற்பகுதியிலும் மேற்கொள்ளப்பட்ட பயணங்கள் அவை. நல்ல தமிழில் எழுதப்பட்டவை. பவளப் பாறையின் மீது சாயும் ஒளியைப் பற்றிய விவரணைகளில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அநேகமாக எல்லாக் கட்டுரைகளிலும் ஏதோ ஓரிடத்தில் ஒரு பத்தி வந்துவிடுகிறது. ‘நான் ஆபத்தைக் கணக்கிட்டேன்’ என்று தொடங்கும் பத்தி. விமானத்தில் முகக்கவசம் அணிந்திருந்தேன், பரிசோதனை செய்துகொண்டேன், தனித்தீவு விடுதியில் கூட்டமில்லை, நீருக்கடியில் எவரும் எவருக்கும் எதையும் தொற்ற வைக்க முடியாது, வீட்டில் இருந்தாலும் காய்கறி வாங்க வெளியே போகத்தானே வேண்டும், ஆகவே சென்றேன். வாசகரும் தலையசைத்துவிட்டு அடுத்த பத்தியிலுள்ள திருக்கை மீனுக்குப் போய்விடுகிறார்.

என் சண்டை இந்தப் பத்தியுடன்தான். கணக்கிட்டதற்காக அல்ல, அரைக் கணக்கை முழுக் கணக்கென்று காட்டியதற்காக. இந்தப் பேரேட்டில் ஒரே ஒரு பெயருக்குத்தான் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது எழுதியவரின் பெயர்.

முதலில் அந்த ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதுவும் சரியாகக் கூட்டப்படவில்லை. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய வாங்கிய மூச்சு, மேற்பரப்பை அடையும்போது இரண்டு மடங்காக விரியும். ஆரோக்கியமான நுரையீரலுக்கு இது சிரமமில்லை, மூச்சை அடக்காமல் வெளிவிட்டபடி மெல்ல ஏறினால் போதும். ஆனால் அழற்சியாலோ வடுவாலோ நுரையீரலின் ஒரு மூலையில் காற்று வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டிருந்தால், அந்த மூலை கிழியும். கிழிந்த இடத்தின் வழியே காற்றுக்குமிழி இரத்தத்தில் புகுந்து மூளைக்குச் செல்லலாம். இதற்கு அறுபது அடி ஆழம் வேண்டியதில்லை, நீச்சல்குளத்தின் ஆழமான முனையே போதும் என்பது இத்துறையின் பாலபாடம்.

2020 வசந்தத்தில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் மருத்துவமனையில் ஒரு மருத்துவர், கோவிட் வந்து குணமான ஆறு ஸ்கூபாக்காரர்களைச் சோதித்தார். யாருமே மருத்துவமனையில் படுக்க நேராதவர்கள், வீட்டிலிருந்தே தேறியவர்கள். வாரங்கள் கழிந்த பின்னும் அவர்கள் நுரையீரல்களில் கவலைக்குரிய மாற்றங்கள் தெரிந்தன. ஆறு பேர் என்பது ஓர் ஆய்வுக்குப் போதிய எண்ணிக்கை அல்ல என்று அப்போதே சக மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானதே. பின்னாளில் அனுபவம் சேரச் சேர விதிகள் தளர்த்தவும் பட்டன. ஆனால் அந்த நேரத்தில், அறியாமை அந்த அளவுக்கு இருந்தபோது, பொறுப்புள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். நுரையீரல் அறிகுறிகளோடு நோய் கண்டவர்கள் குறைந்தது இரண்டு மாதம், முடிந்தால் மூன்று மாதம் நீரில் இறங்க வேண்டாம் என்று பெல்ஜியத்தின் நீர்மூழ்கு மருத்துவச் சங்கம் 2020 ஏப்ரலிலேயே சொன்னது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் நோயின் தீவிரத்தைப் படிநிலைகளாகப் பிரித்து, எந்தப் படிக்கு எந்தச் சோதனை என்று வகுத்தார்கள். நம் கட்டுரையாளர்களில் ஒருவராவது இவற்றைக் குறிப்பிட்டதாக நான் காணவில்லை. ‘எனக்கு அறிகுறியே இல்லாமல் வந்து போயிருக்கலாம்’ என்று பெருமிதமாக எழுதியவர் மட்டும் உண்டு. அறிகுறியே இல்லாமல் வந்து போனது தன் நுரையீரலில் எதை விட்டுச் சென்றது என்று தெரியாத ஒருவர் முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கியதைச் சாகசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போகட்டும். அது அவர் உடல், அவர் உயிர். வயது வந்தவருக்குத் தன் உயிரைப் பணயம் வைக்க உரிமை உண்டு என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டே மேலே செல்கிறேன்.

விபத்து நேர்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறார்களா? குமிழி நோய்க்கு மருந்து, அழுத்த அறை ஒன்றுதான். இரும்பு உருளைக்குள் நோயாளியை வைத்துப் பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தம் ஏற்றி, பிராணவாயு கொடுத்து, படிப்படியாக இறக்குவார்கள். உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணைப்படி இதற்கு நாலே முக்கால் மணி நேரம் ஆகும். பலர் கொள்ளும் அறைகளில் நோயாளி தனியாக இருப்பதில்லை. ஓர் உதவியாளர் கூடவே உள்ளே அமர்ந்திருப்பார். கதவை நினைத்த நேரத்தில் திறந்துகொண்டு வெளியே வர அவரால் முடியாது, திறந்தால் அவருக்கும் அதே நோய். தொற்று உள்ளவரோ இல்லாதவரோ என்று தெரியாத, மூச்சுத் திணறும் ஓர் ஆளுடன் மூடிய இரும்புக்குள் அத்தனை நேரம். சிக்கல் இன்னொன்றும் உண்டு. மூழ்கி எழுந்தவருக்கு வரும் மூச்சுத்திணறலும் களைப்பும் நெஞ்சுவலியும் குமிழி நோயாகவும் இருக்கலாம், கோவிடாகவும் இருக்கலாம். படகில் நிற்பவரால் வேறுபடுத்த இயலாது. எனவே அந்த உதவியாளர் எதை நம்பி உள்ளே போகிறார் என்பது அவருக்கே தெரியாது. கட்டுரையாளரின் கணக்கில் இந்த உதவியாளருக்கு எத்தனை விழுக்காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது?

படகுக்கு வருவோம். மாலத்தீவில் மூழ்கப் போகும் படகை ‘தோனி’ என்கிறார்கள். நம் தோணியை நினைவூட்டும் சொல். அதில் சிலிண்டர் தூக்குபவரும் சமைப்பவரும் கப்பலோட்டியும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் அல்லது வங்கதேசம், இலங்கை, இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மூழ்குவதற்கு முன் முகக்கண்ணாடியில் பனி படியாமலிருக்க எச்சில் துப்பித் தேய்ப்பது இந்தக் கலையின் உலகப் பொதுவழக்கம். பிறகு பொதுவான வாளி ஒன்றில் அலசுவார்கள். மாலையில் எல்லோருடைய வாய்க்கருவிகளும் ஒரே தொட்டியில் கழுவப்படும். 2020இல் மூழ்குநர் பாதுகாப்பு அமைப்புகள் இந்த வழக்கங்களை நிறுத்தச் சொல்லி அறிவுறுத்தின. அந்தத் தொட்டியில் கைவிட்டுக் கழுவியவர் யார்? ‘நீருக்கடியில் தொற்றாது’ என்பது உண்மைதான். நீருக்கடியில் ஒருவர் ஒரு நாளைக்குச் செலவிடுவது இரண்டு அல்லது மூன்று மணி நேரம். மீதி நேரம் அவர் வேறு மனிதர்களின் உழைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

இது ஊகமல்ல, நடந்த கதை. மாலத்தீவில் முதன்முதலாக நோய் உறுதியானது 2020 மார்ச் 7 அன்று, ஒரு விடுதித் தீவின் பணியாளர்கள் இருவரிடம். அங்கு தங்கிவிட்டு நாடு திரும்பிய இத்தாலியப் பயணி ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்த பிறகே அவர்களைச் சோதித்தார்கள். பயணி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார், பணியாளர்கள் தனிமையில் அடைக்கப்பட்டார்கள். ஏப்ரலில் தலைநகர் மாலேயில் நோய் பரவியபோது, இரண்டு சதுர கிலோமீட்டர் அளவேயான அந்தத் தீவில் ஓர் அறைக்குப் பலராக நெருங்கி வாழ்ந்த வங்கதேசத் தொழிலாளர்களே மிகுதியாக அகப்பட்டார்கள். வேலை போன இந்தியர்களைத் திருப்பி அழைத்துவரக் கடற்படை கப்பல் அனுப்பியது. 2020 ஜூனில் மாலேயிலிருந்து சுமார் எழுநூறு பேருடன் ‘ஜலாஷ்வா’ தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பின் ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 15 அன்று பயணிகளுக்காகத் தீவுகள் மீண்டும் திறக்கப்பட்டன. முதல் எட்டு வாரம், அறிகுறி இல்லாத பயணிக்குப் பரிசோதனைச் சான்றுகூடத் தேவைப்படவில்லை. செப்டம்பரில்தான் அது கட்டாயமாயிற்று.

இந்த இடத்தில் எதிர்வாதம் வரும். அதுவே இத்தரப்பின் ஆகச் சிறந்த வாதமும்கூட: ‘சுற்றுலாவை நம்பியிருக்கும் நாடு, நாம் போகாவிட்டால் அவர்கள் பட்டினி கிடப்பார்கள்.’ மாலத்தீவின் பொருளாதாரம் 2020இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. 2019இல் பதினேழு லட்சம் பயணிகள் வந்த நாட்டில் 2020இல் வந்தவர்கள் ஐந்தரை லட்சம்தான். திறக்கலாம் என்று முடிவு செய்தது அந்த நாட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. பசிக்கும் நோய்க்கும் இடையே அவர்கள் எடுத்த முடிவை இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. பெருந்தொற்று முழுவதிலும் அங்கு இறந்தோர் எண்ணிக்கை முந்நூறை ஒட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேரழிவு என்று நான் மிகைப்படுத்த விரும்பவில்லை.

ஆனால் வேறு வழியின்றித் திறந்த கதவும், பொழுதுபோகாமல் அதற்குள் நுழைந்த காலும் ஒரே தராசில் நிற்க முடியாது. விடுதிக்காரர் திறந்தது நிர்ப்பந்தம். நம்மவர் போனது விருப்பம். தன் விருப்பத்தை அவருடைய நிர்ப்பந்தத்தின் பெயரால் நியாயப்படுத்துவது, கடன்பட்டவன் வீட்டில் விருந்துண்டுவிட்டு அவனுக்குத் தர்மம் செய்ததாகச் சொல்வதைப் போன்றது.

2021 ஏப்ரலை மறந்துவிட முடியுமா? தில்லியில் மருத்துவமனை வாசல்களில் மனிதர்கள் மூச்சுக்குத் தவித்து இறந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் 22 முதல், விதிவிலக்கு பெற்ற சில தொழில்கள் நீங்கலாக ஆலைகளுக்குப் பிராணவாயு வழங்குவதையே மத்திய அரசு நிறுத்தியது. அதே வாரங்களில் இந்தித் திரையுலகத்தினர் மாலத்தீவுக் கடற்கரைகளிலிருந்து படங்கள் வெளியிட்டார்கள். திரையுலகுக்குள்ளிருந்தே கண்டனக் குரல்கள் எழுந்தன. (ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது பிராணவாயு என்று அப்போது சிலர் கொதித்தது தவறு. அதில் இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். கோபத்துக்கு வேறு நல்ல காரணங்கள் இருந்தன.) ஏப்ரல் இறுதியில், இந்தியப் பயணிகள் உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் தங்கக் கூடாது என்று மாலத்தீவு தடை விதித்தது. மே 13 முதல் தெற்காசியப் பயணிகளுக்கு விசாவே கிடையாது. அந்த மாதத்தில் ஐந்து லட்சம் பேர் வாழும் நாட்டில் ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. அந்த அலைக்கு ஏப்ரலில் நடந்த உள்ளாட்சித் தேர்தல், ரமலான் மாத ஒன்றுகூடல்கள் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. பயணிகளே கொண்டுவந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டிலும் அதற்கு முந்தைய ஆண்டிலும் மாலத்தீவுக்கு அதிகப் பயணிகளை அனுப்பிய நாடு எது? இந்தியா. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த பிறகும் மனம் சஞ்சலப்படாதவரோடு எனக்குப் பேச்சில்லை.

நமக்கு மூழ்குதல் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு, ஒற்றை மூச்சில், முத்துச்சிப்பி எடுக்க இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் இன்னும் சங்கு குளிக்கிறார்கள். அந்தக் காலத்து முத்துக்குளிப்பு முகாம்களில் பல்லாயிரம் பேர் மணல்வெளியில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். சுறாவைவிட அவர்கள் அஞ்சியது காலராவுக்குத்தான். மூழ்குதலும் கொள்ளைநோயும் சேர்ந்தால் யார் சாவார், யார் முத்தை எடுத்துக்கொண்டு போவார் என்பது இந்தக் கரை நன்கறிந்த சங்கதி. இறங்குபவனின் கயிற்றைப் பிடிக்க அவன் மைத்துனனையே நிறுத்துவார்கள் என்றொரு வழக்கு நம்மிடம் சொல்லப்படுவதுண்டு. தங்கையின் தாலி மேலேயிருப்பவன் கையில் இருக்கிறது, அசட்டையாக இருக்க மாட்டான் என்பது அதன் தர்க்கம். அந்த மனிதர்கள் கணக்கிடும்போது கயிறு பிடிப்பவரின் பெயர் முதலில் வந்தது. நம் கட்டுரைகளில் அவர் ‘புன்னகையுடன் கைகொடுத்துத் தூக்கிவிட்ட படகோட்டி’யாக ஒரு வரி மட்டும் வருகிறார். அந்தப் புன்னகையையும் முகக்கவசத்துக்கு மேலாக எப்படிக் கண்டார்களோ, தெரியவில்லை.

தடுப்பூசி பரவலான பின், 2022க்குப் பிறகு சென்றவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. அப்போது கணக்கின் எல்லாப் பக்கங்களும் மாறிவிட்டன. 2021 ஏப்ரலுக்குள்ளேயே மாலத்தீவுச் சுற்றுலாப் பணியாளர்களில் பெரும்பாலோர் முதல் தவணை ஊசி போட்டிருந்தார்கள் என்பதையும் அறிவேன். நான் கேட்பது, எவருக்கும் ஊசி இல்லாதிருந்த முதல் மாதங்களையும், நம் ஊரில் மூச்சுக்காற்றுக்கு வரிசை நின்ற வாரங்களையும் பற்றி.

அப்போது அந்தத் தீவுகளின் மீது உண்மையிலேயே அக்கறை இருந்தவர்கள் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2020 மார்ச்சுக்குப் பிறகு பயணங்கள் ரத்தானபோது உலகெங்கும் விடுதிகளுக்கும் படகுக்காரர்களுக்கும் குவிந்தவை முன்பணத்தைத் திருப்பிக் கேட்ட கடிதங்கள். திருப்பித் தராதவர்கள் மோசடிக்காரர்கள் என்று தூற்றப்பட்டார்கள். போகாமலிருந்து, வசதி உள்ளவர் அந்த முன்பணத்தைப் படகுக்காரரிடமே விட்டுவைத்திருந்தால், எவர் நுரையீரலையும் பணயம் வைக்காமல் பணம் மட்டும் கடல் கடந்து போய்ச் சேர்ந்திருக்கும். தீவுகளின் பசியைப் பற்றி இவ்வளவு எழுதியவர்களில் அப்படிச் செய்ததாக ஒருவரும் எழுதக் காணோம். செய்தவர்கள் இருந்தால் அவர்களின் பயணக் கட்டுரையை, அதில் ஒரு மீன்கூட இல்லாவிட்டாலும், வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.