வேலையற்றோர் கறந்த புலிப்பால்

தோழர்களே, இந்த வாரம் ஓர் இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறோம். கூலியும் பஞ்சப்படியும் கழுத்தை நெரிக்கும்போது பாட்டுக்கு என்ன அவசரம் என்று சிலர் கேட்கக்கூடும். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தட்டின் பெயர் 'டைகர்மில்க்'. அதாவது, புலிப்பால். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1996-ம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. 'பெல் அண்டு செபாஸ்டியன்' என்ற குழுவினரின் முதல் தட்டு அது. பெரிய கம்பெனிகளின் தயவின்றிச் சிறு அமைப்புகள் மூலம் பாட்டு வெளியிடுவோரை அங்கே 'இண்டி' என்பார்கள். சுயேச்சைக்காரர்கள் என்று நாம் சொல்லலாம். இளந்தோழர் ஒருவர் தம் கைபேசியில் போட்டுக் காட்டினார். வரிகளை எழுத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை கேட்டோம்.

கிளாஸ்கோ எப்படிப்பட்ட ஊர்? கிளைடு நதிக்கரையில் உலகத்துக்கே கப்பல் கட்டிக் கொடுத்த ஊர். 1971-ல் சர்க்கார் பண உதவியை மறுத்து, கப்பல் தளங்கள் மூடப்படவிருந்தபோது, தொழிலாளர்கள் வெளியேறவில்லை. தளத்தைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 1972-ல் சர்க்கார் இறங்கி வந்தது. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் தளங்களும் ஆலைகளும் பல மூடப்பட்டன. வேலையில்லாத் திண்டாட்டம் வீடுதோறும் புகுந்தது.

இந்தத் திண்டாட்டத்துக்கு நடுவில்தான் புலிப்பால் பிறந்தது. வேலையற்ற இசைக்காரர்களுக்காகப் பொதுப்பணத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஸ்டூவர்ட் மர்டாக், ஸ்டூவர்ட் டேவிட் இருவரும் சந்தித்தது அங்கேதான். மர்டாக், தீராத சோர்வு நோயால் பல ஆண்டுகள் படிப்பையும் வேலையையும் இழந்து கிடந்தவர். அந்த முடக்கத்தில்தான் பாட்டுக் கட்டத் தொடங்கினார்.

அதே நகரின் ஸ்டோ கல்லூரியில் இசைத் தொழில் பயிலும் மாணவர்கள், பாடத்தின் ஒரு பகுதியாகவே 'எலெக்ட்ரிக் ஹனி' என்ற பெயரில் தட்டு வெளியிட்டு வந்தார்கள். அவர்களுக்கு ஆசானாக இருந்தவர் ஆலன் ராங்கின். அவரும் ஒரு காலத்தில் பிரபல குழுவில் வாசித்தவர், 2023-ல் காலமானார். வழக்கமாக ஆண்டுக்கு ஒரு சிறு தட்டுதான். மர்டாக்கிடமோ பாட்டுகள் நிறைய இருந்தன. ஆகவே 10 பாட்டுகள் கொண்ட முழுத் தட்டே போடுவதென்று முடிவாயிற்று. சில நாட்களில் பதிவு முடிந்தது. வெளியிட்டது 1,000 பிரதிகள்.

பாட்டுகள் எப்படி? கிதாரும் செல்லோவும் எக்காளமும் அடக்கமாகக் கூடி வருகின்றன. பாடுபவர் அதட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடுகிறார். ஒரு பாட்டில், தனக்குப் பிடித்த இசைக்குழுவினரை ஆளுயரக் களிமண் பொம்மைகளாகச் செய்யும் பள்ளிப் பெண் வருகிறாள். பள்ளி அவளைக் கிறுக்கி என்கிறது. அவளுக்கென்று உலகம் ஒதுக்கி வைத்திருப்பதோ பெரிய கடையில் ஒரு விற்பனை வேலை. இன்னொரு பாட்டில், ஒருவன் தன் அந்தரங்கத்தைப் பாதிரியாரிடம் ஒப்பிக்கிறான். அவர் அதையே நாவலாக்கிவிடுகிறார்! அடுத்தவன் துயரத்தையும் சரக்காக்கும் உலகை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

குறையே இல்லையா? உண்டு. மின்கருவி ஓசையில் மிதக்கும் ஒரு பாட்டு, நல்ல துணியில் போட்ட ஒட்டுப்போல் தனித்துத் தெரிகிறது. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. பாட்டில் வருவோர் எல்லோரும் ஒற்றை ஆட்கள். பள்ளிக்கூடம், மாதா கோவில், சின்ன அறை - இவற்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கப்பல் தளம் கண்ட நகரத்தில், பத்துப் பாட்டில் ஒன்றில்கூட ஆலைச் சங்கு ஊதவில்லை. நோவைச் சொல்கிறார்கள், நோவுக்குக் காரணம் யார் என்று கேட்கவில்லை.

அதனால் இது வெறும் புலம்பல் என்று தள்ளிவிடலாமா? கூடாது என்பது நமது அபிப்பிராயம். பலவீனனைப் பார்த்துச் சிரிக்கும் பாட்டுகள் சந்தையில் மலிந்திருக்கின்றன. இவர்கள் அவன் பக்கம் நிற்கிறார்கள். இன்னொன்றும் பாருங்கள். பாட்டு தனியாளைப் பற்றியது. தட்டோ தனியாளால் ஆனதல்ல. வேலையற்றவன் கட்டினான், தோழர்கள் வாசித்தார்கள், மாணவர்கள் வெளியிட்டார்கள், பொதுப்பணம் இடம் கொடுத்தது. பாட்டில் காணாத ஒற்றுமை, பாட்டு பிறந்த விதத்தில் இருக்கிறது.

பிறகு நடந்ததும் நமக்குப் பாடம். குழு பேர் பெற்றதும், அந்த 1,000 பிரதிகள் நூற்றுக்கணக்கான பவுனுக்குக் கைமாறின. லாபம், பாடியவர்களுக்கா? இல்லை, பதுக்கி வைத்திருந்தவர்களுக்கு! 1999-ல் மறுபதிப்பு வந்த பிறகே சாதாரண ஜனங்கள் கடையில் வாங்கிக் கேட்க முடிந்தது.

வேலையற்றவனுக்குப் பாட்டு வகுப்பா, வீண் செலவு என்று கத்தரிக்கோலைத் தூக்குகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு இந்தத் தட்டே பதில். உழைப்பவர் வீட்டில் திறமைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஓர் அறைக்கும், ஒரு கருவிக்கும், கொஞ்சம் ஓய்வுக்கும்தான். அவை கிடைத்தால் நோயாளியும் புலிப்பால் கறப்பான். கிடைக்காமல் போனவர்களின் பாட்டுகள் எத்தனை ஆயிரமோ? அந்தக் கணக்கை யார் கொடுப்பது?