புதுப்பித்தீர்கள், சரி; பழையதை என்ன செய்தீர்கள்?

பள்ளிக் கணினிக் கழகத்தின் இணையத்தளம் உங்கள் பொறுப்பில் இருக்கிறதா? புதிய பதிப்பை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கோப்புகளை நாமே ஏற்றும்போது, அதே பெயருள்ளவைதான் மாறும். புதிய பதிப்பில் கைவிடப்பட்டவை கேட்பாரற்று சர்வரிலேயே கிடக்கும்.

கிடந்தால் என்ன என்கிறீர்களா? 2015 மே மாதம் வேர்டுபிரஸ்ஸில் நடந்ததைப் பாருங்கள். அதன் 'டுவென்டி ஃபிஃப்டீன்' வடிவமைப்புடன் 'ஜெனரிகான்ஸ்' என்ற சின்னங்களின் தொகுப்பும் வந்தது. அதற்குள் ஒரு மாதிரிப் பக்கம். சின்னங்கள் எப்படித் தோன்றும் என்று காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. தள நிர்வாகியை ஒரு சூழ்ச்சி இணைப்பைச் சொடுக்க வைத்தால் போதும். அவருடைய உலாவியில் அந்நிய நிரல் ஓடும். அந்தப் பக்கத்தைத் தேடிப்பிடித்து அழிக்கும் வேலையை 4.2.2 பதிப்பு செய்ய வேண்டியதாயிற்று.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. அமைப்புக் கோப்பை நகலெடுத்து, பெயரின் முடிவில் 'பேக்' என்று சேர்த்து அங்கேயே வைப்பது. 'பிஎச்பி' என முடியும் கோப்பை சர்வர் இயக்கும். 'பேக்' என முடிவதைப் பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே கேட்டவரிடம் கொடுத்துவிடும். உள்ளே இருப்பதோ தரவுத்தளத்தின் கடவுச்சொல்!

என்னைக் கேட்டால், நகல் அவசியம். ஆனால் அது உங்கள் கணினியில் இருக்கட்டும். பிறகு புதிய பதிப்பின் கோப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, மிஞ்சியதை நீக்குங்கள். நீங்கள் ஏற்றிய படங்களும் அமைப்புக் கோப்பும் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டா. அவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.