காலம் தப்பி வந்தவரின் விலை

வேறொரு காலத்திலிருந்து வழிதவறி வரும் பயணியை எதிர்காலச் சமூகம் எவ்வாறு நடத்தவேண்டும்? அறிவியற் புனைகதைகள் கேட்கும் இக்கேள்விக்கு யப்பான் 1974 இலேயே விடையளித்தது; வெட்கக்கேடான விடை.

உலகப்போர் முடிந்ததென்று நம்பாமல் பிலிப்பைன்ஸ் காட்டில் ஒளிந்திருந்த ஹிரூ ஒனோடா, அவ்வாண்டு மார்ச்சில் வெளிவந்தபோது வீரராக வரவேற்கப்பட்டார். டிசெம்பரில் இந்தோனேசியாவின் மொரொத்தாய்த் தீவில் தெரூவோ நக்கமுரா பிடிபட்டார். இவர் தைவான் பழங்குடியினர். தைவான் யப்பானுக்கு உட்பட்டிருந்தபோது அதன் படையிற் சேர்ந்தவர். அவர் காட்டிலிருக்கையில் பேரரசு மறைந்தது, தைவானும் கைமாறியது. ஆகவே ஓய்வூதியம் இல்லையென்றது சட்டம். முதலில் நிர்ணயித்த தொகை வெறும் 68,000 யென்! மக்கள் கொதித்தெழுந்த பின்னரே கூடுதற் பணம் சேர்ந்தது.

பத்திரம் பழையதென்று சொல்லிக் கடனை மறுக்கலாமா? காலம் தப்பி வந்தவரை, அவரை அனுப்பிய காலத்தின் வாக்குறுதிப்படியே நடத்தவேண்டும். மற்றதெல்லாம் சட்டத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்று.