பேட்டரியைக் குற்றவாளி ஆக்கும் முன் அளந்து பாருங்கள்



காலையில் கார் கிளம்பவில்லை என்றால் நம் ஊரில் தீர்ப்பு உடனே வந்துவிடும். “பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க.” நாமும் ஐயாயிரமோ ஆறாயிரமோ கொடுத்து மாற்றிவிடுகிறோம். சில மாதங்கள் கழித்து அதே ‘டக் டக்’ சத்தம், அதே தீர்ப்பு. பேட்டரி உண்மையிலேயே ஆயுள் முடிந்து போவதும் உண்டு. நம் வெயிலுக்கு மூன்று, நான்கு வருடம் உழைத்தாலே அது தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் விசாரணையே இல்லாமல் தண்டனை வழங்குவதைத்தான் நான் ஏற்கவில்லை. 34 வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அளக்காமல் பேட்டரி மாற்றாதீர்கள்.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. உடனே புதுத் தொட்டி வாங்கக் கடைக்கு ஓடுவோமா? தொட்டியில் விரிசலா, மோட்டார் ஓடவில்லையா, ஏற்றும் குழாயில் அடைப்பா, ராத்திரி யாராவது குழாயை மூடாமல் விட்டார்களா என்று பார்ப்போம் அல்லவா? வண்டியில் பேட்டரிதான் தொட்டி. ஆல்டர்நேட்டர்தான் மோட்டார். ஒயர்களும் டெர்மினல்களும் குழாய். நான்கில் எது பழுது என்று தெரியாமல் தொட்டியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பணம்தான் தண்ணீராக ஓடும்.

கண்டுபிடிக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சாதாரணமானது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொட்டு மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் எண், ஓய்வில். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டோ கொஞ்சம் கூடவோ இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் பேட்டரி பட்டினி கிடக்கிறது என்று பொருள். பட்டினிக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கலாம். பசியோடு வகுப்புக்கு வந்த பிள்ளையை மக்கு என்று சொல்லக் கூடாது என்பதை ஆசிரியர் பயிற்சியிலேயே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

இரண்டாவது எண், செல்ஃப் எடுக்கும்போது. ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். சார்ஜ் உள்ள பேட்டரி என்றால் அந்த நொடிகளில் 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் எடுக்கும்போது 9-க்கும் கீழே சரிந்தால் பெரும்பாலும் பேட்டரி உள்ளுக்குள் தளர்ந்துவிட்டது. அப்போது மாற்றுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

மூன்றாவது எண், எஞ்சின் ஓடும்போது. 13.8 முதல் 14.7 வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. ஹெட்லைட், ஏ.சி. எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பாருங்கள். அப்போதும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடியும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் தளர்வா, ஆல்டர்நேட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்ததா, ரெகுலேட்டர் போனதா என்று பார்க்க வேண்டும். 15-க்கு மேலே ஏறினால் ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்துவிட்டது; பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். அந்த வண்டியில் எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் அத்தனையும் வெந்துதான் போகும்.

இனி ஓர் உண்மைச் சம்பவம். என் பழைய மாணவர் ஒருவர் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறார். பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும். 14 மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றினார். பிறகு ஆல்டர்நேட்டரையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். அதற்குப் பிறகும் விடியற்காலை சவாரிக்கு செல்ஃப் இழுவையாகத்தான் சுற்றியது. ஏர்போர்ட் சவாரி இரண்டு கைவிட்டுப் போயிற்று. மாதத் தவணை கட்டுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்கே தெரியும். “சார், வண்டியையே வித்துடலாமான்னு இருக்கு” என்று போனில் சொன்னபோது, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

விளக்கெல்லாம் போட்டு எஞ்சினை ஓடவிட்டு அளந்தோம். பேட்டரியில் 13.3. ஆல்டர்நேட்டரின் பிளஸ் டெர்மினலுக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.2. ஆல்டர்நேட்டர் ஒழுங்காகத்தான் உற்பத்தி செய்கிறது; வழியில் 0.9 வோல்ட் காணாமல் போகிறது! பிளஸ் பக்கம், ஆல்டர்நேட்டர் டெர்மினலில் இருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு அளந்தால் 0.1 தான் இழப்பு. மைனஸ் பக்கம், ஆல்டர்நேட்டர் உடலில் இருந்து பேட்டரி மைனஸுக்கு அளந்தால் 0.8. திருடன் அகப்பட்டான். எஞ்சினில் இருந்து போகும் எர்த் ஒயரின் முனை பூத்துப்போய், உள்ளே பாதி இழைகள் அரித்திருந்தன. புது எர்த் ஒயருக்கும் கூலிக்கும் சேர்த்து ஐநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

பத்தாம் வகுப்பில் ஓமின் விதியை மனப்பாடம் செய்தவர்கள் இப்போது கணக்குப் போடுங்கள். 40 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் இழப்பு என்றால் மின்தடை 0.02 ஓம். இவ்வளவு சிறிய தடை சாதாரண மீட்டரில் தெரியாது. ஒயரைச் சோதித்தால் ‘பீப்’ அடித்து நல்ல ஒயர் என்றே சொல்லும். ஆனால் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே 0.02 ஓம் 3 வோல்ட்டை விழுங்கிவிடும். 12 வோல்ட் பேட்டரியில் 3 வோல்ட் போனால் செல்ஃப் எப்படிச் சுற்றும்? அதனால்தான் ஒயரை மின்சாரம் ஓடும்போதே சோதிக்க வேண்டும். ‘இந்த விதியெல்லாம் வாழ்க்கையில் எங்கே சார் பயன்படப்போகுது?’ என்று கடைசி பெஞ்சில் இருந்து கேட்டவர்களுக்கு இதுவே என் தாமதமான பதில்.

நான்காவது காரணம், மூடாமல் விட்ட குழாய். வண்டி நிற்கும்போதும் கடிகாரம், பாதுகாப்பு அலாரம் போன்றவை துளி மின்சாரம் எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அதைச் சில வாரங்கள் தாங்கும். டிக்கி விளக்கு அணையாமலோ, வெளியே போட்ட ஆடியோ செட், கேமரா தவறான இணைப்பிலோ இருந்து அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போய்விடும். மூன்றாம் நாள் காலை வண்டி பிணம். பேட்டரி மேல் என்ன தப்பு?

இதற்காக மெக்கானிக்குகளைத் திட்டப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். குறை நம் பக்கமும் இருக்கிறது. டாக்டர் சோதித்துப் பார்த்து “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் முக்கால் மணி நேரம் குனிந்து அளந்து, “எர்த் லூஸ், டைட் பண்ணிட்டேன்” என்றால், “இதுக்கு எதுக்குப்பா காசு?” என்கிறோம். பார்த்துச் சொன்னதற்குக் கூலி இல்லை, பொருளை விற்றால்தான் வரும்படி என்றால் அவர் எதைச் செய்வார்? அளந்து பார்ப்பதற்கென்றே இருநூறோ முந்நூறோ கேட்டுக் கொடுங்கள். “தம்பி, மூணு எண்ணையும் எழுதிக் குடுங்க” என்று சொல்லுங்கள். அறிவுக்குக் கூலி கொடுக்காத ஊரில் பொருள்தான் விற்கும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கண்டிக்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்த்து ஆல்டர்நேட்டரைச் சோதிப்பது. பழைய வண்டிகளோடு போக வேண்டிய வித்தை இது. பேட்டரி விலகிய கணத்தில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, ஆயிரக்கணக்கில் விலையுள்ள கம்ப்யூட்டர் யூனிட்டை எரித்துவிடும். யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்துத் தடுங்கள்.

“புது வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் சார், மீட்டர் எதுக்கு?” என்பார்கள். சில புது வண்டிகள் தேவையைப் பார்த்துச் சார்ஜைக் கூட்டிக் குறைப்பது உண்மைதான். ஓடும்போது ஒரு நேரம் 12.6, ஒரு நேரம் 14.8 காட்டலாம். அந்த வண்டிகளில் ஒரே எண்ணை வைத்து முடிவுகட்டாமல், விளக்குகளைப் போட்டுச் சிறிது நேரம் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்டுங்கள். ஆனால் பூத்துப்போன டெர்மினலுக்குப் பழைய வண்டி, புது வண்டி என்ற பேதம் கிடையாது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. அப்பா அம்மாவுக்கு ஆசையாகக் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அது வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் போய்வருகிறது. செல்ஃப் எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் வீடு வந்துவிடும். இப்படியே அரைவயிறாகக் கிடந்தால் பேட்டரித் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, வலு போய்விடும். நடுராத்திரி நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுதான் அது தெரியவரும். வாரத்தில் ஒரு நாள் முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சாக்லேட்டோடு ஒரு மல்டிமீட்டரும் வாங்கி வாருங்கள்.

நாளைக் காலை உங்கள் வண்டியை அளந்து, மூன்று எண்களையும் கீழே எழுதுங்கள். திருத்தித் தருகிறேன். பழக்கதோஷம்!

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்