தலைவரி

பெண்ணுடலில் இனி விலைபேச எதுவும் பாக்கியில்லை என்று நினைத்திருந்தோம். தோலுக்குக் களிம்பு, முடிக்குச் சாயம், பல்லுக்குக் கம்பி, மூக்குக்குக் கத்தி என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டாகிவிட்டது. மண்டையோடு மட்டும் தப்பியிருந்தது. இப்போது அதுவும் பட்டியலில் ஏறிவிட்டது.

தென்கொரியாவின் அழகு மருத்துவமனைகளில், பின்மண்டை தட்டையாக இருப்பவர்களுக்கு அதை உருண்டையாக்கும் அறுவை சிகிச்சை நடக்கிறது. தலைத் தோலைக் கீறி, எலும்பின்மேல் எலும்புச் சிமெண்டைப் பரப்பி, வேண்டிய வடிவத்துக்கு வழித்து, தோலை இழுத்துத் தைத்துவிடுகிறார்கள். செயற்கை மூட்டைப் பொருத்தவும், உடைந்த மண்டையோட்டின் ஓட்டையை அடைக்கவும் மருத்துவம் பயன்படுத்தும் பொருள் அது. முடங்கியவரை நடக்கவைக்க வந்த பொருள், கொண்டை எடுப்பாகத் தெரிவதற்காகத் தலைக்குள் போகிறது. தாடை எலும்பைச் சீவி முகத்தைக் கூராக்குவதும் நெற்றி எலும்பை இழைப்பதும் இதன் உடன்பிறப்புகள்.

சியோல் எங்கே, சுசீந்திரம் எங்கே என்று கேட்கத் தோன்றும். கைபேசிக்கு அந்தத் தூரம் கிடையாது. என் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மேம், எனக்குப் பின்மண்டை சப்பை. கொண்டை போட்டா நிக்கவே மாட்டேங்கு. அதுக்கு ஆபரேஷன் உண்டாமே?" யார் சொன்னது என்று கேட்டேன். பெண் பார்க்க வந்த வீட்டில் ஒரு அத்தைக்காரி சொல்லிவிட்டுப் போனாளாம்.

கவனியுங்கள். தன் பின்மண்டையை நேராகப் பார்க்கக்கூடியவர் உலகத்தில் யாருமில்லை. நமக்குப் பின்னால் நிற்பவர் சொன்னால்தான் அங்கே ஒரு குறை இருப்பதாகவே தெரியவரும். இந்த அறுவை சிகிச்சை பெண்ணின் ஆசையிலிருந்து பிறந்தது என்று சொல்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்: தான் பார்க்கவே முடியாத இடத்தின்மேல் ஒருத்திக்கு வரும் வெட்கம், அடுத்தவர் ஊட்டிய வெட்கம்.

தமிழ் படித்தவளுக்கு இந்தப் பார்வை புதிதில்லை. பெண்ணைக் கூந்தலில் தொடங்கிப் பாதத்தில் முடிக்கும் வருணனைக்குக் கேசாதிபாதம் என்றும், பாதத்தில் தொடங்கிக் கூந்தலில் முடிப்பதற்குப் பாதாதிகேசம் என்றும் பெயர் வைத்த மொழி நம்முடையது. பொருநராற்றுப்படையிலேயே பாடினி அப்படித்தான் அங்கம் அங்கமாக எண்ணப்படுகிறாள். உவமை சொன்ன இடத்தில் இன்று கத்தி நிற்கிறது.

எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு இந்தக் கத்தியும் புதிதில்லை. என் ஆச்சிக்குக் காது தோளைத் தொடும். சிறுபிள்ளையில் காது குத்தி, துளையைப் பெரிதாக்கி, குணுக்கு மாட்டி இழுத்து வளர்த்த காது. அதில் பாம்படம் ஆடினால்தான் லட்சணம், வெறுங்காதுக்காரி மூளி. ஆச்சியின் தங்கைக்கும் அப்படித்தான் வளர்த்தார்கள். காலம் மாறியது. மகளுக்கு டவுனிலிருந்து சம்பந்தம் வந்தபோது, அதே காது பட்டிக்காட்டுக் காது ஆகிவிட்டது. தொங்கிய சதையை அறுத்துத் தைத்துக்கொண்டு, கம்மல் போட்டுக் கல்யாண வீட்டில் நின்றார். ஒரே காதை ஒரு தலைமுறை இழுக்கச் சொன்னது, அடுத்த தலைமுறை வெட்டச் சொன்னது. இரண்டு முறையும் வலித்தது அவருக்கு. இரண்டு முறையும் திருப்திப்பட்டது சம்பந்திவீடு.

இன்னும் பின்னால் போனால் இந்த மண்ணில் உடம்பு சாதியின் கணக்குப்புத்தகமாகவே இருந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியார் தலைவரி கட்டினார்கள். நாடார் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கவும் மார்பை மறைக்கவும் தடை இருந்தது. 1822இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டத்துக்குப் பணிந்து 1859 ஜூலை 26இல் அரசு வெளியிட்ட அறிவிப்பிலும் ஒரு நிபந்தனை இருந்தது: மேலுடை அணியலாம், மேல்சாதிப் பெண்கள் அணிவதைப்போல அணியக் கூடாது. பார்த்தவுடன் ஆளின் மதிப்புத் தெரியவேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனையின் பொருள். பெண் பார்க்கும் கூடத்தில் நடப்பதும் அதே மதிப்பீடுதான். வசூலிக்கும் ஆள் மாறியிருக்கிறான்; தலைவரி நிற்கவில்லை.

வரிபாக்கி தாயின் பெயரிலும் எழுதப்படுகிறது. பிள்ளையின் தலை ஒருபக்கம் சப்பையாக இருந்தால், "ஒரே பக்கமா கிடத்திப்போட்டா" என்று பேறுகாலப் படுக்கையிலேயே தீர்ப்பு வந்துவிடும். உண்மை என்ன? குழந்தையை மல்லாக்கக் கிடத்தித் தூங்கவைப்பதுதான் பாதுகாப்பு. தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தை அது குறைக்கிறது. 1990களில் மேலைநாடுகளில் இந்த அறிவுரை பரவியபின் மரணங்கள் குறைந்தன. தட்டையான தலைகள் கூடின. உயிரோடு இருக்கும் பிள்ளையின் சப்பைத் தலை ஒரு குற்றமா? அதற்கும் தலைக்கவசம் விற்கிறார்கள். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கவசம் போட்ட பிள்ளைக்கும் போடாத பிள்ளைக்கும் இரண்டு வயதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

மண்டையோட்டின் பொருத்துகள் உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டு, வளரும் மூளையை நெருக்கும் நிலை ஒன்று உண்டு. அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை அவசியம். அதைச் செய்யும் மருத்துவரைக் கும்பிடுகிறேன். அந்த மருத்துவத்தின் மரியாதையைக் கடன்வாங்கிக்கொண்டு கொண்டைக்குச் சிமெண்ட் வைப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

"என் உடல், என் உரிமை" என்று பெண்ணியம்தானே சொன்னது என்கிறார்கள். சொன்னோம். வேண்டாம் என்று சொல்வதற்காகச் சொன்னோம். வேண்டாம் என்று சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகும், வேலை தட்டிப்போகும் என்ற இடத்தில் சொல்லப்படும் சரிக்கு உரிமை என்று பெயர் வைக்க முடியாது. கத்திக்குக் கீழே படுத்தவளை நான் ஏசமாட்டேன். ஆச்சியின் தங்கையையும் ஏசமாட்டேன். என் கேள்வி படுக்கவைத்தவர்களிடம்.

இந்த வரிக்கு உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். 2022இல் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் அறுவை சிகிச்சைக்குப்பின் 21 வயதுக் கன்னட நடிகை இறந்தார். இருவருக்கும் நோய் எதுவும் இருக்கவில்லை. சந்தை ஆணையும் விடுவதில்லை, உண்மைதான். ஆனால் வழுக்கைத் தலையனுக்கும் பெண் கிடைக்கும் ஊர் இது. சப்பைத் தலைக்காரியின் வீட்டில் நகைக் கணக்குக் கூடும்.

ஆகவே தோழிகளே, மூன்று காரியம் செய்வோம். அழகு மருத்துவமனைப் படி ஏறுமுன், "எனக்கு என்ன நோய்?" என்று டாக்டரிடம் கேட்போம், பதில் இல்லையென்றால் இறங்கி வருவோம். பெண் பார்க்க வந்தவர் நம் பெண்ணின் தலையைப் பற்றிப் பேசினால், பலகாரத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு அவர்களை வழியனுப்புவோம். நாளை நாம் அத்தையாகவோ மாமியாராகவோ இன்னொருத்தியின் பின்னால் நிற்கும்போது, அவள் பின்மண்டையைப் பார்த்து வாயைத் திறக்காமல் இருப்போம். வரி வசூலிக்க நம்மை அனுப்பும்வரைதான் அந்த வரி ஓடும்.