ஊருக்குப் போகும் தண்ணீர்

ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது வெள்ளை நுரை குவியல் குவியலாக எழுந்து காற்றில் பறப்பது, சில ஆண்டுகளாக மழைக்காலத்தின் வழக்கமான செய்தியாகிவிட்டது. செய்தியைப் படிக்கும் பெங்களூர்த் தமிழர், ஊர்க்காரர்கள் பாடு இப்படியா ஆக வேண்டும் என்று வருந்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அந்த நுரை எங்கிருந்து புறப்பட்டது என்று யோசிப்பவர்கள் குறைவு. அது புறப்பட்ட இடம் பெங்களூர்தான். அல்சூரிலும் மர்பி டவுனிலும் விவேக் நகரிலும் துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் அதில் கலந்தே போகிறது.

பெங்களூர் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 3,000 அடி உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்த நகரம். ஜீவநதி எதுவும் இதன் வழியே ஓடவில்லை. பெய்யும் மழை முக்கியமாக மூன்று பள்ளத்தாக்குகளின் வழியே இறங்குகிறது. மேற்கே விருஷபாவதி வழியாகப் போகும் நீர் அர்க்காவதியில் சேர்ந்து, பிறகு காவிரியை அடைகிறது. ஹெப்பாளப் பள்ளத்தாக்கிலும், கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கிலும் இறங்கும் நீர் தட்சிண பினாகினியில் சேருகிறது. தட்சிண பினாகினி என்பது வேறு ஒன்றுமல்ல. தமிழ்நாட்டில் தென்பெண்ணை என்று வழங்கும் அதே ஆறுதான். ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் எனப் பயணம் செய்து கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த குடும்பங்கள் ஏராளம். அவர்கள் இங்கே எந்தத் தண்ணீரைக் கெடுக்கிறார்களோ, அல்லது கெடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ, அதே தண்ணீர்தான் அங்கே அண்ணன் தம்பிகளின் வயலுக்குப் பாய்கிறது.

முன்னோர் இந்தப் பள்ளங்களை வீணாக விட்டுவிடவில்லை. மழைநீரைத் தேக்க, ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை வெட்டினார்கள். மேலேயுள்ள ஏரி நிரம்பினால் கோடி வழியே வழிந்து, ராஜகாலுவேயில் ஓடி, அடுத்த ஏரியை நிரப்பும். நகரம் பெருத்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. தினமும் லட்சக்கணக்கானோர் வந்திறங்கும் மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. இருக்கும் ஏரிகளையாவது காப்பாற்றுவது எப்படி என்று ஆராய 1985-ல் லட்சுமண ராவ் குழு அமைக்கப்பட்டது. ஏரிகளை உடைக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று அக்குழு யோசனை கூறியது. நல்ல யோசனைதான். ஆனால் அதற்குப் பிறகும் ஏரிகள் சுருங்கின. மழைநீர் ஓட வேண்டிய கால்வாய்களில் சாக்கடை ஓடியது.

விளைவை நாடே பார்த்தது. நகரத்தின் மிகப் பெரிய ஏரியான, சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெள்ளந்தூர் ஏரியின் நுரை 2015-ல் சாலையில் செல்வோர் மீது பறந்து விழுந்தது. அதே ஆண்டிலும், 2017-லும், 2018-லும் அந்த ஏரி தீப்பிடித்து எரிந்தது. 2018 ஜனவரியில் தீயை அணைக்க ராணுவ வீரர்களின் உதவி தேவைப்பட்டது. தீயை அணைக்கத் தண்ணீர் தேடுவது உலக வழக்கம். இங்கே தண்ணீர் தேங்கிய இடத்திலேயே தீ மூண்டது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. 2009-ல் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டபோது பெங்களூர்த் தமிழர் பெருமையோடு கூடிய இடம் அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக மழைக்கு இடம் கொடுத்தவரின் சிலைக்கு அருகே மீன் மிதந்தது யாருக்கும் பெருமையல்ல.

எல்லா ஏரிகளின் கதையும் இப்படி முடிந்துவிடவில்லை என்பதுதான் இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. சர்ஜாபூர் சாலையில் உள்ள கைகொண்டரஹள்ளி ஏரி 48 ஏக்கர். குப்பையும் கழிவும் சேர்ந்து கிடந்த அந்த ஏரிக்காக, 2000-களின் இறுதியில் சுற்றுவட்டார மக்கள் மாநகராட்சி அதிகாரிகளை விடாமல் போய்ப் பார்த்தார்கள். திட்டம் போடும்போதே உடன் உட்கார்ந்தார்கள். ஏரி மீட்கப்பட்டது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் அங்கே வரத் தொடங்கின. ஜே.பி. நகர்ப் பகுதியில் புட்டேனஹள்ளி என்ற சிறிய ஏரிக்காக அங்கு குடியிருப்போர் 2010-ல் ஓர் அறக்கட்டளை அமைத்து, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பராமரிப்பை ஏற்றார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பறவைகள் அங்கே பதிவாகியுள்ளன.

ஜக்கூர் ஏரியின் ஏற்பாடு இன்னும் கவனிக்கத்தக்கது. கரைக்கு மேலே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. தினமும் 1 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறனுடன் அது அமைக்கப்பட்டது. அங்கிருந்து வரும் நீர் நேரே ஏரியில் விழுவதில்லை. கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு நிலத்தில் மெதுவாக ஊர்ந்து, மிச்சமுள்ள சத்துக்களைச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகே ஏரியில் சேருகிறது. சலவைத் தூளிலும் மலக் கழிவிலும் உள்ள பாஸ்பரஸ் போன்ற சத்துக்கள்தான் ஆகாயத்தாமரையை மண்ட வைப்பவை. இப்படிச் சேர்ந்த நீரில் மீன்பிடித் தொழில் நடக்கிறது. மாட்டுக்குப் புல் அறுப்பவர்கள் வருகிறார்கள். பறவைகளும் பிழைக்கின்றன. ஏரியைக் காப்பது என்றால் ஏழைகளை விரட்டிவிட்டு வேலி போடுவது அல்ல என்பதற்கு ஜக்கூர் சாட்சி.

இந்த மூன்று இடங்களிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். பக்கத்தில் வசிப்பவர்கள் தினம் பார்த்தார்கள். இரவில் கழிவு லாரி வந்தால் அவர்களுக்குத் தெரிந்தது. மீன் வாய் பிளந்தால் முதலில் பார்த்தவர்கள் அவர்களே. எந்த அதிகாரியும் எல்லா ஏரிகளையும் தினம் சுற்றி வர முடியாது. கண்காணிப்பு என்பது கரையில் இருப்பவர்களால்தான் முடியும்.

ஆனால் அந்தக் கரையில் தொழிலாளியும் குமாஸ்தாவும் எத்தனை பேர் நிற்கிறார்கள்? ஏரிக் குழுக்களில் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்களே இருக்கிறார்கள். காலை 6 மணிக்குக் கட்டட வேலைக்குப் புறப்படுபவரும், இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போகிறவரும், "இதெல்லாம் வசதி உள்ளவர்கள் பொழுதுபோக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வாடகை வீட்டுக்காரனுக்கு ஏரியில் என்ன பாத்தியதை என்ற தயக்கமும் உண்டு. வெளி மாநிலத்தான் வாயைத் திறந்தால் வம்பு என்ற அச்சம் அதற்கு மேல். 1991-ஐயும் 2016-ஐயும் கண்டவர்களுக்கு அந்த அச்சம் காரணமில்லாதது என்று சொல்லிவிட முடியாது.

எனினும், ஒதுங்கி நிற்பதால் நஷ்டம் யாருக்கு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் மழையில் பெள்ளந்தூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது பத்திரிகைகளில் பெரிதாக வந்த படங்கள் பங்களாக்களுடையவை. தாழ்வான இடத்துத் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தவர்களின் அரிசியும் துணியும் நனைந்தது அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை. 2024 கோடையில், அரசுக்குச் சொந்தமான 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் சுமார் 6,900 வறண்டுவிட்டதாக மாநில அரசே அறிவித்தது. காவிரி நீரோ சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படுவது. அது வராத தெருக்களில், லாரித் தண்ணீருக்குக் கேட்ட விலையைக் கொடுத்தவர்கள் மாதச் சம்பளக்காரர்களும் தினக் கூலிகளுமே. ஏரி நிறைந்திருந்தால் அண்டையிலுள்ள கிணற்றில் நீர் ஊறும். கால்வாய் திறந்திருந்தால் வீட்டில் வெள்ளம் ஏறாது. இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்ல. ஏழையின் குடும்பச் செலவுக் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. ராஜகாலுவே ஓரம் குடிசை போட்டவரை ஆக்கிரமிப்பாளர் என்று அப்புறப்படுத்துவது சுலபம். கால்வாயையே மூடிக் கட்டடம் எழுப்பியவரைத் தொடுவது கடினம். யாருக்கு மாற்று இடம், யாருடைய சுவர் இடிய வேண்டும் என்ற பேச்சு நடக்கும் அறையில் ஏழைகளின் பிரதிநிதி இல்லாவிட்டால் முடிவு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏரிக் குழுக்களும் இதை உணர வேண்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைத்து, இங்கிலீஷில் மட்டும் பேசாமல், கன்னடத்திலும் தமிழிலும் பேச இடம் கொடுத்தால் வருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

மக்கள் வந்துவிட்டால் அரசு ஓய்வெடுக்கலாம் என்று அர்த்தமல்ல. பாதாள சாக்கடை போடுவதும், சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துவதும், விஷக் கழிவை விடும் தொழிற்சாலை மீது வழக்குப் போடுவதும் தொண்டர்களால் ஆகிற காரியமல்ல. ஏரிகளைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து 2008-ல் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. அதில், நீதிபதி என்.கே. பாட்டீல் குழுவின் ஆலோசனைகளை ஒட்டி, மாவட்டந்தோறும் ஏரிப் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்க கர்நாடக உயர் நீதிமன்றம் 2012-ல் உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதாது. குழு கூடுகிறதா, புகாருக்குப் பதில் வருகிறதா என்று கேட்பதற்கும் மக்கள்தான் வேண்டும்.

இது தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வரத்துக்கால் வெட்டிய குடிமராமத்து, தமிழ்நாட்டு ஏரிப் பாசனக் கிராமங்களின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தை மீறுவோருக்குத் தண்டனை விதிக்க 1858-லேயே சென்னை ராஜதானியில் சட்டம் இயற்றப்பட்டது. அங்கே மடை திறக்க நீர்க்கட்டி இருந்ததுபோல், இங்கே நீருகண்டி இருந்தார். மொழி வேறானாலும் முறை ஒன்றே. காவிரி என்றால் இரு மாநிலங்களும் எதிரெதிரே நிற்கின்றன. தெருக்கோடி ஏரியிலோ இருவரும் ஒரே கரையில் நிற்கலாம். கன்னடக்காரரான பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் சுமந்தால், பல மேடைப் பேச்சுக்களால் வராத நேசம் வரும்.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. கட்டட இடிபாட்டையும் குப்பையையும் கால்வாயில் கொட்ட எந்த மேஸ்திரி சொன்னாலும் மறுக்கலாம். இரவில் கழிவு இறக்கும் லாரியின் எண்ணைக் குறித்து, நாலு பேர் கையெழுத்தோடு புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் பொங்கலையொட்டிப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். தமிழ்ச் சங்கங்கள் அதை இங்குள்ள ஏரிகளிலும், கன்னடப் பிள்ளைகளையும் சேர்த்து நடத்தலாம். ஒவ்வொரு சங்கமும் தன் வட்டாரத்தில் ஓர் ஏரியையோ ஒரு மைல் கால்வாயையோ தன் பொறுப்பாக ஏற்கட்டும்.

மாதம்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பத் தவறாத மக்கள் இவர்கள். அதே ஊருக்கு நாள்தோறும் தண்ணீரும் போய்க்கொண்டிருக்கிறது. அதையும் நல்லதாக அனுப்ப வேண்டும்.